அம்மா கை மசாஜ்!

"பாங்காக் போறேன்" என்றதும் ஆபீஸே ஒரு மாதிரி சிரித்தது. "மசாஜ் உண்டுதானே?" என்று கண்ணடித்தார் கேஷியர்.

"உண்டு சார், கோயில்ல!"

நம்பவில்லை. ஆனால், நிஜம்தான். வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் ஜம்மென்று படுத்திருக்கிறார். உடம்பில் எங்கே அமுக்கினால் எந்த வலி போகும் என்று 1830-களில் மூன்றாம் ராமர் என்ற மன்னர் படத்தோடு கல்லில் செதுக்க வைத்தார். 1955-ல் அங்கேயே வைத்தியப் பள்ளியும் வந்தது. 2019-ல் தாய் மசாஜைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ.

நாற்காலியிலேயே தேய்ந்த என் இடுப்பை ஒப்படைத்தேன். கேரளத்து உழிச்சல் மாதிரி எண்ணெய் கிடையாது. தொளதொள பைஜாமா, ஒரு மெத்தை, அவ்வளவுதான். வந்தவருக்கு என் அம்மா வயசு. கட்டைவிரல், முழங்கை, பாதம் எல்லாமே ஆயுதம்! அமுக்கி, முறுக்கி, இழுத்து... நாம் சும்மா கிடக்க, நமக்காக அவரே யோகாசனம் போட்டுவிடுகிறார்.

"ஐயோ அம்மா!" என்று அலறினேன். புரிந்ததோ என்னவோ, முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

எழுந்தபோது இடுப்பு லேசாகியிருந்தது. நாலு நாள் தாங்கியது. (காய்ச்சல், எலும்பு முறிவு இருந்தால் பக்கமே போகாதீர்கள்!) மனசுதான் கனத்தது. ஊரார் வலியை அமுக்கி அமுக்கி அவர் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. இந்தக் கைகளை நினைத்தா கண்ணடித்தோம்?

திரும்பியதும் கேஷியர் கேட்டார், "எப்படிய்யா மசாஜ்?"

"எங்கம்மா பிடிச்சு விட்ட மாதிரி இருந்தது சார்."

அப்புறம் அவர் சிரிக்கவில்லை.