வடலூரில் ஒரு த்ரீ நாட் த்ரீ!

நெய்வேலியில் நண்பனின் கல்யாணம். முடிந்த கையோடு வடலூர் பஸ் ஏறினேன். வள்ளலார் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறதே, அந்தத் தருமசாலையில் ஒரு வேளை சாப்பிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

பந்தியில் பக்கத்து இலை, ஒரு முறுக்கு மீசைப் பெரியவர். ராணுவத்தில் ஆர்மரர், அதாவது துப்பாக்கி மெக்கானிக்காக இருந்து ரிடையரானவராம். சும்மா இருப்பேனா? 'நானும் காலேஜ்ல என்.சி.சி.தாங்க' என்று அவிழ்த்துவிட்டேன், கூடவே என் பழைய வயிற்றெரிச்சலையும்.

கேம்ப்பில் த்ரீ நாட் த்ரீ ரைபிள்களைத் துடைக்கும்போது இரண்டின் போல்ட்டை மாற்றிப் போட்டுவிட்டேன். ஹவில்தார் என்னைத் துப்பாக்கியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஐந்து ரவுண்டு ஓடவிட்டார்.

"சுடவே சுடாத டிரில் ரைபிள், ஐயா. அதுக்குப் போய் அஞ்சு ரவுண்டா?"

பெரியவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"பத்து ரவுண்டு ஓடவிட்டிருக்கணும், தம்பி! போல்ட் கைப்பிடியில நம்பர் இருக்கும், பாத்தியா? ரைபிள் நம்பரும் அதுவும் ஒண்ணா இருக்கணும். ஒவ்வொரு போல்ட்டும் அதோட துப்பாக்கிக்குன்னே ராவிப் பொருத்தினது. மாத்திப் போட்டு இடைவெளி கூடிச்சுன்னா தோட்டாக் கூடு கிழியும். சூடான புகை சுடறவன் மூஞ்சியிலேயே அடிக்கும்."

பி.காம். மூளைக்குச் சட்டென்று புரிந்தது. டேலி ஆகாத கணக்கு!

அப்புறம் மனிதர் நிறுத்தவில்லை. மேகஸினில் பத்து தோட்டா. விளிம்பு வைத்த தோட்டா என்பதால் மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதற்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு நகராது. சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கிக்குப் பின்னால் குட்டியாக ஒரு ஸ்பிரிங். அது உடைந்தால் கூடு உள்ளேயே நின்றுவிடும். "அதுக்கப்புறம் உன் கையில இருக்கறது துப்பாக்கி இல்ல, தடி!"

மேற்கு வங்காளத்து இஷாப்பூரில் செய்த அந்தக் கிழட்டு ரைபிளுக்கு உத்தரப் பிரதேச போலீஸ் விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். "மரம், இரும்பெல்லாம் நூறு வருஷம் தாங்கும். காலை வாரறது எப்பவும் சுண்டு விரல் சைஸ் சாமான்தான்" என்றார்.

சாப்பிட்டுவிட்டு ஞானசபைக்கு நடந்தோம். கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்ற அறிவிப்பைப் பார்த்து அவர் நின்றுவிட்டார்.

"ஐயா, வரலியா?"

"கறியை விட்டு இருபது வருஷமாச்சு. ஆனா நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த துப்பாக்கி எதுவும் மக்கர் பண்ணினதில்ல, தம்பி. அது யார் யாரைச் சுட்டுச்சோ... நீ போய்ட்டு வா."

நான் எங்கே போவது? முந்தின ராத்திரி ரிசப்ஷனில் மட்டன் பிரியாணி, அதுவும் ரெண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டவனாயிற்றே! அவர் பக்கத்திலேயே நின்று, வெளியிலிருந்தே கும்பிட்டேன்.