வவுச்சர் இல்லாத மாற்றம்

பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறவனுக்கு "நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பு" என்பது ஒரு ஐந்து மார்க் கேள்வி. 1976ல் அரசியல் சட்டத்தில் சேர்த்த 43ஏ பிரிவு என்று ஆரம்பித்து நாலு நன்மை, மூணு தீமை எழுதினால் வேலை முடிந்தது. போன மாசம் வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான்.

என் சித்தப்பா கப்பலூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருக்கிறார். மொத்தமே நாற்பது பேர். பெட்டிக்கு லேபிள் மாறிப் போவது அங்கே அடிக்கடி நடக்கும். இவரும் கூட வேலை பார்க்கிற ஏழு பேரும் கலந்து பேசி, கடைசியில் ஒட்டுகிற லேபிளை எடை போடும்போதே ஒட்டுவது என்று மாற்றினார்கள். சூப்பர்வைசரும் "செய்ங்கப்பா, பாத்துக்கலாம்" என்றார். நாலு மாசம் தப்பே வரவில்லை. அஞ்சாவது மாசம் ஒரு லோடு முழுக்க வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது.

"யாரக் கேட்டு மாத்துனீங்க?" என்று முதலாளி கத்தினார். சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை. சித்தப்பாவுக்கு ஒரு வாரச் சம்பளம் போச்சு.

"சும்மாவா விட்டீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில்தான் இதை எழுத வைத்தது. "எங்க மேலயும் தப்பு இருக்குடா. நைட் ஷிப்ட்காரங்கள ஒரு வார்த்தை கேக்கல. அவங்க பழையபடி கடைசியில ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. ரெண்டும் கலந்துபோச்சு."

யோசித்துப் பாருங்கள். மாற்றம் நல்ல மாற்றம்தான். ஆனால் அதற்கு வவுச்சர் இல்லை! வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒத்துக்கொள்வாரா?

இதற்கு வழி ஏற்கனவே இருக்கிறது. ஜப்பானில் 1962ல் ஆரம்பித்த தர வட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது ஹைதராபாத் பெல் நிறுவனம், 1980ல். ஒரே பிரிவில் வேலை செய்கிற சிலர் தாங்களாக விரும்பிச் சேர்வார்கள். பிரச்சினையை அளந்து எழுதி, தீர்வை நிர்வாகத்தின் முன்னால் வைப்பார்கள். ஒத்துக்கொண்டால் செய்துபார்த்து, பலனையும் எழுதுவார்கள். நம்ம மதுரையில் 1911ல் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன், 1998ல் பிரேக் பிரிவுக்காக ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவுக்கே அதுதான் முதல். தொழிலாளர் எல்லோரையும் தர வேலையில் சேர்த்துக்கொள்வது அந்த முறையின் ஒரு தூண்.

ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது. பேசுகிறவரை யார் அனுப்பியது என்பதும் முக்கியம். 2024 செப்டம்பரில் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தார்கள். நடுவே வேறொரு தொழிலாளர் குழுவோடு நிர்வாகம் ஒப்பந்தம் போட்டது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. நைட் ஷிப்டைக் கேட்காமல் எட்டுப் பேர் முடிவெடுத்ததும் சின்ன அளவில் இதே கோளாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இரு தரப்பும் உட்காரும் பணிக்குழுவை அமைக்கச் சொல்ல 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே இடம் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 100தான். நாற்பது பேர் கம்பெனிக்கு அது எட்டாது. அதனால் நாங்களே ஒரு வழி செய்தோம்.

ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டுக் கொடுத்தேன். என்ன மாற்றம், யார் யாரைக் கேட்டோம், யார் சம்மதித்தது, ஒரு மாசத்தில் என்ன ஆச்சு. லேபிள் விஷயத்தையே முதல் வரியாக எழுதினார் சித்தப்பா. நைட் ஷிப்ட்காரர்கள் பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர் மூன்று நாள் "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, நாலாவது நாள் பேனா கேட்டாராம்.

கடைசிக் கட்டம் இன்னும் காலி. ஒரு மாசம் ஆகணும்ல.