சுருதி சொல்லித் தந்தவர்



சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையருகே தம்பி வீட்டில் தங்கியிருந்தேன். அவன் மகனுடைய மின்சாரக் கிட்டார் குட்டையானது. தந்தி நீளம் 24 அங்குலம். குளிரூட்டிய அறையில் சுருதி சேர்த்தான். மாடியிறங்கி வெக்கையில் வாசித்ததும் சுருதி இறங்கிவிட்டது.

"மட்டமான கிட்டார், விற்றுவிடுகிறேன்" என்றான்.

எனக்குத் தோட்டத்து நினைவு வந்தது. என் தந்தை தப்படித்தவர். அனலில் காட்டினால் தப்பின் தோல் இறுகும். எஃகுத் தந்தியோ சூட்டில் நீண்டு தளரும். 25½ அங்குலக் கிட்டாரைவிடக் குட்டைக் கிட்டாரில் தந்தியின் இழுவிசை குறைவு. ஆகவே தளர்ச்சி அதிகம் கேட்கும்.

"வாசிக்கும் இடத்திலேயே கால்மணி நேரம் வைத்திரு. பிறகு சுருதி சேர்" என்றேன். சுருதி நின்றது.

"யார் சொல்லித் தந்தது, பெரியப்பா?"

தந்தை தப்படித்ததைச் சொல்லக் கூசி வளர்ந்தவன் நான். அன்று சொன்னேன்: "உன் தாத்தா."

நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.