பஞ்சிகாவத்தையில் கால் விரிப்பு வாங்கும்போது

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, வாகன உதிரிப்பாகக் கடைகளுக்குப் பேர்போன இடம். புது ஜீப் வாங்கியவர்கள் கால் விரிப்புத் தேடி இங்கு வருவதுண்டு. சகோதரிகளே, நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடாதீர்கள். மழைச்சேற்றுக்கு இறப்பர் விரிப்பே தோதானது, கழுவிக் காயவைக்கலாம். கார்பட் ஈரத்தைக் குடித்து நாறும். மீனும் தேங்காயும் ஏற்றும் டிக்கிக்கு ஓரம் உயர்ந்த விரிப்பு நல்லது. சிந்தியது அதிலேயே தங்கும்.

சாரதியின் விரிப்பு உயிரோடு சம்பந்தப்பட்டது. 2009இல் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, வேறொரு மாதிரிக்குரிய விரிப்பில் லெக்சஸ் காரின் வேக மிதி சிக்கியதால் நால்வர் உயிரிழந்தனர். ஆகவே உங்கள் வாகனத்துக்கே உரியதை வாங்கி, தரையிலுள்ள கொக்கியில் மாட்டுங்கள். பழையதன் மேல் புதியதைப் போடாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை அழுத்தி, அது தடையின்றி மேலெழுவதைக் கண்ட பின்பே காசைக் கொடுங்கள்.