இலையுதிர்ந்த பிரான்ஸ்

தோர்தோன் நதிக்கரை ஊர்களுக்கு ஆகஸ்டில் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஜனவரியில் போனால் காப்பி கிடைப்பதே கஷ்டம். எனக்கு ஜனவரிதான். பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். மீதி, ஊர்க்காரர்களுக்காகத் திறந்திருப்பவை.

நெடுஞ்சாலையை விட்டிறங்கி, ஊர் ஊராக நின்று நின்று போனோம். ஆற்றோரப் பாப்லர் மரங்கள் மொட்டையாக நின்றன. கிளைகளில் மட்டும் பச்சைப் பந்துகளாகப் புல்லுருவி. கோடையில் இலைகளுக்குள் ஒளிந்துகொள்வதை இப்போது எண்ணிவிடலாம். குன்றின்மேல் கோட்டைகளும் அப்படித்தான் தூரத்திலேயே தெரிந்துவிடுகின்றன.

சார்லாவின் மஞ்சள் கல் வீடுகளுக்கிடையே ஆளில்லாமல் நடந்தோம். எழுத்தாளரும் அமைச்சருமான ஆந்த்ரே மால்ரோ 1962-இல் கொண்டுவந்த சட்டம், தனிக் கட்டடத்தை மட்டுமின்றித் தெருக்களையும் சேர்த்துக் காக்கச் சொன்னது. அதனால் பிழைத்த ஊர் இது.

எத்தனை சிறிய ஊரானாலும் நடுவில் ஒரு நினைவுக்கல், 1914-1918 என்று. கீழே பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் இரண்டு மூன்று முறை வரும். அந்தப் போரில் பிரான்ஸ் இழந்த ராணுவத்தினர் ஏறக்குறைய 14 லட்சம் பேர். புகைபோக்கியில் புகை வராத வீடுகளைப் பார்த்துவிட்டு அந்தப் பட்டியலைப் படிப்பது கஷ்டமாக இருந்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கும் பிரெஞ்சுப் போர் நினைவகமும் இதே போரின் கணக்குதான்.

சாப்பாட்டுக் கடையில் பூண்டு சூப். பக்கத்து மேசைப் பெரியவர் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதில் சிவப்பு ஒயினை ஊற்றி, சுழற்றி, அப்படியே தூக்கிக் குடித்தார். ‘சாப்ரோ’ என்கிறார்கள். கடைசி ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

பயணத்தில் உச்சம் லால்பாங்க் கிராமத்தின் ட்ரஃபிள் சந்தை. ஓக் மர வேரடியில் விளைந்து, குளிரில் முற்றும் கறுப்புக் காளான் அது. முன்பு பன்றியை வைத்துத் தேடினார்கள். கண்டதைப் பன்றியே தின்றுவிடும் என்பதால் இப்போது நாய். கூடைகளோடு விற்பவர்கள் ஒருபுறம், வாங்குபவர்கள் மறுபுறம், நடுவே ஒரு கயிறு. கூச்சல் இல்லை, விலை காதோடு காதாக நடக்கிறது. மண்வாசனை மட்டும் தெரு முழுக்க. எங்களால் முகரத்தான் முடிந்தது, வாங்கக் கட்டுப்படியாகாது.

சந்தை குளிர்காலச் செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகலில் கூடும். போகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட உட்கார்ந்துவிடுங்கள். இரண்டுக்கு மேல் அந்தப் பக்கம் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.