நாலு சக்கரமும் சுத்தணும், ஆனா சல்லிசா இருக்கணும்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதோட இன்னொரு காரணமும் இருக்கு. எங்க மொஹாலி வீட்டு வாசல்ல ஒரு பழைய மாருதி ஜிப்ஸி நிக்குது. ஞாயித்துக்கிழமை ஆனா நான் அதுக்கு அடியிலதான் படுத்திருப்பேன். ஊர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வி கேக்குறாங்க: "வீட்ல நல்ல கார் இருக்கு, இது எதுக்கு?" ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல. மொத்தமா இங்க எழுதிடறேன்.

முதல்ல விளையாட்டு என்னன்னு சொல்லிடறேன். ராலிகிராஸ்னா பாதி மண்ணு, பாதி தார் போட்ட சின்ன வட்டப் பாதையில அஞ்சாறு கார் ஒண்ணா முட்டி மோதி ஓடுறது. 1967-ல இங்கிலாந்துல லிடன் ஹில்ங்கிற இடத்துல டிவிக்காக ஆரம்பிச்சது. 2014-ல அதுக்கு உலக சாம்பியன்ஷிப்பே ஆரம்பிச்சாங்க. நம்ம மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்களுக்கு அதெல்லாம் ஆகாது. அமெச்சூருங்க ஆடுறது அதோட சாதுவான தம்பி. மண்ணுல கூம்பு நட்டு வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போகும். கடிகாரத்தோடதான் போட்டி. இந்தியாவுல இதை ஆட்டோகிராஸ்னு சொல்றாங்க. பஞ்சாப்ல கோதுமை அறுத்து முடிச்சு, நெல்லு நடறதுக்குள்ள வயலெல்லாம் காஞ்சு கிடக்கும். அந்த இடைவெளியில டிராக்டர் ஓட்டி ஒரு ஒண்ணேகால் கிலோமீட்டர் பாதை போட்டா திருவிழாதான்.

நான் கோவைக்காரன். எங்க ஊர்ல கார் ரேஸ் பைத்தியம் எந்த அளவுக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். சின்ன வயசுல சைக்கிள்ல போய் ராலி பாத்த கொசுவத்தியை இப்ப சுத்தல. நாப்பத்தி மூணு வயசுல, மொஹாலியில, ஆபீஸ் சிநேகிதன் ஒருத்தன் கூப்பிட்டான்னு போனேன். ஒரே ஒரு ரவுண்டுதான். அதோட பிடிச்சுக்கிச்சு.

இப்ப வெக்கத்தை விட்டு ஒரு கதை சொல்லணும். 2024 மார்ச். ஞாயித்துக்கிழமை. எங்க வீட்ல இருந்த ஒரே கார், ஒரு சின்ன ஹேட்ச்பேக். மறுநாள் மகளுக்கு பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை. படிக்கிறவ நிம்மதியா படிக்கட்டும், நாம ஏன் குறுக்க நிக்கணும்னு எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டு பாதைக்குப் போனேன். மூணாவது ரவுண்டுல அடியில 'டங்'குனு ஒரு சத்தம். கல்லு. ஒண்ணும் ஆகலைன்னு நினைச்சு ஓட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சதை தூசின்னு நினைச்சேன்னு சொன்னா நீங்களே நம்ப மாட்டீங்க. பாத்தேன், பாக்காத மாதிரி இருந்தேன், அதான் உண்மை. மறுநாள் காலையில வண்டி கிளம்பல. வாசல்ல கறுப்பா ஆயில் குளம். புள்ள யூனிஃபார்ம் போட்டு, ஹால் டிக்கெட்டை கையில வச்சுக்கிட்டு என்னையே பாக்குது. ஒரு வார்த்தை பேசல. பக்கத்து வீட்டு சர்தார்ஜி பனியனோட ஓடி வந்து, "சலோ பேட்டா"ன்னு அவரு வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாரு. அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப உள்ள போயிட்டா. தங்கமணி அன்னிக்கு முழுக்க என்கிட்ட பேசல. திட்டியிருந்தாகூட தேவலாம்.

இஞ்சின் வேலை 38,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் கேட்டுப் பாக்கலாம்னு பாலிசியை எடுத்துப் படிச்சேன். பத்து வருஷமா கட்டுறேன், அன்னிக்குத்தான் முதல் தடவையா படிக்கிறேன். நம்ம நாட்டு கார் பாலிசியில எந்த உபயோகத்துக்கெல்லாம் செல்லாதுன்னு ஒரு பத்தி இருக்கும். ஏற்பாடு பண்ணின பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் எல்லாம் அதுல வரும். வயல்ல கூம்பு நட்டு ஓட்டினாலும் பந்தயம் பந்தயம்தான். ஒரு பைசா வராது. நீங்களும் உங்க பாலிசியை எடுத்து ஒரு தடவை படிச்சிடுங்க.

ஒரு வாரம் கழிச்சு தங்கமணியே வாயைத் திறந்தாங்க. "ஏங்க, விட்டுடுங்கன்னு சொன்னா விடுவீங்களா? மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு சுத்துவீங்க. ஒண்ணு பண்ணுங்க. குழியில தள்ளிட்டு வெறுங்கையோட நடந்து வந்தாலும் நமக்கு அரிசி பருப்புல கை வைக்காத காசு எவ்வளவுன்னு சொல்லுங்க. அதுக்குள்ள ஒரு வண்டி வாங்கிக்கோங்க. வீட்டு காரை மட்டும் இனிமே தொடக்கூடாது." கணக்குப் போட்டோம். மூணு லட்சம். வண்டி, ரிப்பேர், டயர், ஹெல்மெட் எல்லாம் அதுக்குள்ள.

சரி, மூணு லட்சத்துல நாலு சக்கரமும் இழுக்குற வண்டி எது? ஆடி குவாட்ரோ 1981-ல ராலிக்கு வந்ததுல இருந்து, மண்ணுல ஜெயிக்கணும்னா நாலு சக்கரமும் சுத்தணும்னு எல்லாரும் சொல்றோம். வெளிநாட்டுல பழைய சுபாரு இம்ப்ரெஸா வாங்கிடுவாங்க. நமக்கு அந்த பாக்கியம் இல்ல. இந்தியாவுல சல்லிசா கிடைக்கிறது விரல் விட்டு எண்ணிடலாம். 2023-ல வந்த ஜிம்னி ஆசையைக் கிளப்பிச்சு, ஆனா புதுசு பன்னெண்டு லட்சத்துக்கு மேல. பழைய மஹிந்திரா தார் தாங்கும், ஆனா ரொம்ப கனம். வளைவுல கனமே எதிரி. கடைசியா ரெண்டு பேர் நின்னாங்க. ரெனோ டஸ்டர் ஏ.டபிள்யூ.டி., மாருதி ஜிப்ஸி.

டஸ்டர்தான் என் மனசுல இருந்தது. 2014-ல வந்த நாலு சக்கர மாடல். 1.5 லிட்டர் டீசல், 110 குதிரை. பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், 210 மில்லிமீட்டர் உயரம். டில்லியில சல்லிசா கிடைச்சது. காரணம் தெரியும்ல? டில்லி வட்டாரத்துல பத்து வயசு தாண்டின டீசல் ஓடக்கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றமும் உறுதி பண்ணிடுச்சு. 2025 ஆகஸ்டுல கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆனா நான் சொல்றது 2024 கதை. பத்து வயசு நெருங்கின வண்டிங்களை வந்த விலைக்கு தள்ளிக்கிட்டு இருந்தாங்க. 2015 மாடல் ஒண்ணு, ரெண்டே முக்கால் லட்சம். என்.ஓ.சி. வாங்கி பஞ்சாபுக்கு மாத்திக்கலாம்னு சொன்னாங்க. ஓட்டிப் பாத்தேன், கார் மாதிரியே இருக்கு, சுகம்.

கோவையில அப்பாவுக்கு போன் போட்டேன். நாப்பது வருஷம் லேத் பட்டறை வச்சிருந்தவர். நான் குதிரை சக்தி, சஸ்பென்ஷன்னு பத்து நிமிஷம் பேசினேன். பொறுமையா கேட்டுட்டு ஒரே கேள்வி: "ஏங்கண்ணு, அந்த பின்னால இருக்கற சாமான் போச்சுன்னா எங்க கெடைக்கும்?"

விசாரிச்சேன். அந்த மாதிரி வண்டியில பின் சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கறது மின்சாரத்துல பிடிச்சு விடுற ஒரு கிளட்ச். மண்ணுல விடாம மிதிச்சா சூடாகும். சூடானா தன்னைக் காப்பாத்திக்க கையை விட்டுடும், அப்புறம் வெறும் முன் சக்கர வண்டிதான். அது கெட்டுப்போனா புதுசு தேடி அலையணும். 2020-ல ரெனோ இங்க டீசலையே நிறுத்தினப்ப இந்த மாடலும் போயிடுச்சு. வண்டி ரெண்டே முக்கால், அந்த ஒரு சாமான் உடைஞ்சா மீதி காசும் காலி.

ஜிப்ஸி அப்படி இல்ல. 1985-ல வந்து 2019 வரைக்கும் பொதுமக்களுக்கு வித்த வண்டி. ராணுவத்துல ஆயிரக்கணக்குல ஓடினது. 2000-க்கு அப்புறம் வந்ததுல 1.3 லிட்டர், 16 வால்வு, 80 குதிரை. அதே இஞ்சின் குடும்பம்தான் எஸ்டீம்லயும் இருந்தது, அதனால சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கும். எடை சுமாரா ஆயிரம் கிலோதான். கஷ்டமும் உண்டு. லீஃப் ஸ்பிரிங், உக்காந்து ஓட்டினா இடுப்பு கழண்டுடும். வண்டி குட்டை, உயரம் ஜாஸ்தி, அவசரப்பட்டு ஒடிச்சா கவுந்துடும். ஃபோர் வீல் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்துலதான் சுத்தும், நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டுல வளைச்சா முறுக்கிக்கும். மண்ணுல சக்கரம் வழுக்கிக் கொடுக்கறதால பரவாயில்ல.

வாங்கறதுக்கு முன்னாடி, 2024 மே மாசம், சிநேகிதனோட ஜிப்ஸியில ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். முதல் ரவுண்டு 1 நிமிஷம் 34 விநாடி. ஆஹா, நாலு சக்கரம்னா நாலு சக்கரம்தான், என்ன பிடிப்புன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்கிட்டேன். சிநேகிதன் குனிஞ்சு முன் சக்கரத்தைப் பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான். அந்த வண்டியில லிவரைப் போட்டா மட்டும் பத்தாது, இறங்கிப் போய் முன் சக்கர ஹப்பை கையால திருகி லாக் பண்ணணும். நான் பண்ணல. பீத்திக்கிட்டது எல்லாம் வெறும் ரெண்டு சக்கரத்துலதான். லாக் பண்ணி ஓட்டினேன், 1 நிமிஷம் 29. அஞ்சு விநாடி லாபம். அப்புறம் இருவது வயசுப் பையன் ஒருத்தன் பழைய மாருதி ஸென்ல வந்தான். முன் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டி. 1 நிமிஷம் 21.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. நாலு சக்கரம் கிளம்பறப்ப உதவும், வளைவுல இருந்து வெளிய வர்றப்ப உதவும். பிரேக் போடறப்ப ஒண்ணும் உதவாது, எல்லா காருக்கும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. எனக்கு அஞ்சு விநாடியை வண்டி கொடுத்தது. மிச்சம் எட்டு விநாடி என் காலுலயும் கையிலயும்தான் இருக்கு. அதைக் கத்துக்கணும்னா நிறைய ஓட்டணும். நிறைய ஓட்டணும்னா உடைஞ்சா மறுவாரமே சரி பண்ற வண்டி வேணும். அப்பா கேட்ட கேள்வியோட முழு அர்த்தம் அப்பதான் புரிஞ்சது.

ஜிப்ஸியே வாங்கினேன். 2007 மாடல், ரெண்டு லட்சத்து பத்தாயிரம். ராணுவ ஏலத்துல வந்த வண்டிங்களும் பாத்தேன், ஒட்டு வேலை பண்ணின ஜீப்புக்குப் பேர்போன மண்டி டப்வாலி வரைக்கும் போனேன். ஏலக் கடிதமும் சேஸிஸ் நம்பரும் பொருந்தாத வண்டியைத் தொடாதீங்க. 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025-ல 10,000 ஆக்கிட்டாங்க. விலையை மட்டும் பாத்து சல்லிசுன்னு சொல்லாதீங்க, இதையும் சேத்துக்கோங்க. மிச்ச காசுல முதல்ல நல்ல ஹெல்மெட், சீட் பெல்ட், வெல்டிங் ஒழுங்கா தெரிஞ்சவர்கிட்ட ரோல் கேஜ், அடியில ஒரு இரும்புத் தகடு. டயர் அப்புறம்தான்.

இதுவரைக்கும் ஒரு ஆக்ஸில், ரெண்டு ஸ்பிரிங் உடைச்சாச்சு. எதுவும் ஆறாயிரத்தைத் தாண்டல. போன மே மாசம் அதே மாதிரி ஒரு பாதையில 1 நிமிஷம் 24 வந்துட்டேன். அந்த ஸென் பையன் அன்னிக்கு 1:19. ஹிஹி, துரத்திக்கிட்டே இருப்போம்.

மகள் பத்தாவதுல கணக்குல 91 எடுத்தா. அந்த காலையைப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் நான் கிளம்பறப்ப வீட்டு கார் சாவியை எடுத்து அவ பையில போட்டுக்கறா. நான் அதைப் பாக்காத மாதிரி ஜிப்ஸி சாவியை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்.