மின்னஞ்சலில் ஏறிய மடல்

மலேசியாவின் லூமுட்டில் ஓய்வாக இருக்கிற எனக்கு, எங்கள் தோட்டப் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் செய்திமடல்தான் இப்போது வேலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்த பிறகு, சனங்கள் சித்தியவான், ஈப்போ, கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். எல்லாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது அந்த மடல்தான்.

ஒரு காலத்தில் மெழுகுத் தாளில் எழுத்தாணியால் கீறி, சைக்ளோஸ்டைல் உருளையைச் சுற்றுவேன். கை முழுக்க மை. பெரிய பத்திரிகை அதிபர் என்ற நினைப்பு வேறு! ஆனால் உருளையில் எது விழுந்ததோ அதுதான் வாசகர் கையிலும் இருக்கும். மின்னஞ்சல் வந்ததும் அந்த நிம்மதி போயிற்று. தொண்ணூறுகளின் கடைசியில் நான் அனுப்பிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாகத் திறக்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருள் இருந்த வீடுகளில்தான் என் கடிதம் தமிழாகத் தெரிந்தது. யூனிகோடு பரவியபின் எழுத்துத் தொல்லை தீர்ந்தது. அலங்காரத் தொல்லை தொடங்கியது.

இப்போது மடலை வடிவமைப்பவன் என் தங்கையின் பேரன். இரண்டு பத்தி, பின்னணியில் பங்கோர் கடல், பொன்னிறத் தலைப்பு.

"தாத்தா, இதை அப்படியே மெயிலில் ஒட்டினா உடைஞ்சிடும்" என்றான்.

விண்டோஸ் அவுட்லுக் 2007 முதல் கடிதத்தை வேர்டின் பொறியைக் கொண்டே காட்டியது. பின்னணிப் படமும் புதிய வடிவமைப்பு முறைகளும் அதில் ஒழுங்காக நின்றதில்லை. அதனால்தான் இன்னமும் பழைய அட்டவணைக் கட்டங்களை வைத்துக் கட்டுகிறார்களாம். முழு மடலையும் ஒரே படமாக அனுப்பலாமே என்றேன்.

"படம் திறக்காதவங்களுக்கு வெறும் பெட்டிதான் தெரியும். உங்க கூட்டாளிங்க எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கிறவங்க, தாத்தா. படத்துக்குள்ள இருக்கிற எழுத்து அப்படி வளராது."

ஜிமெயில், கடிதத்தின் நிரல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் மீதியை ஓர் இணைப்புக்குப் பின்னால் மறைத்துவிடும் என்றும் சொன்னான். தமிழ் எழுத்து ஒன்றுக்குக் குறைந்தது மூன்று பைட். வேர்டிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும் குப்பை தனி. எங்கள் மடலின் கடைசிப் பகுதி எப்போதுமே இரங்கல். கணவர் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்கவே மடலைத் திறக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த இணைப்பைத் தட்டச் சொல்லி அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது?

அவன் குப்பையைக் களைந்தான். நான் சங்கத் தலைவர் உரையை நாலு வரியாக்கினேன். தலைவர் கொஞ்ச நாள் முகம் கொடுக்கவில்லை. என் கவிதையும் போயிற்று, யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை. ஒரே பத்தியாக, பெரிய எழுத்தில் கட்டி, இரங்கலை முதலில் வைத்தோம்.

"எடுத்த எடுப்பிலே சாவுச் செய்தியா?" என்று செயற்குழுவில் ஒருவர் முறைத்தார்.

"நம்ம வயசுக்கு அதைத்தானய்யா முதல்ல தேடுறோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். தீர்மானம் நிறைவேறியது.